தறப்பாள் எண்டால் என்ன கருத்து?

புதுத் தறப்பாள் ஒன்றை முதன்முதலாக விரிக்கிறபோது அதற்கென்று ஒரு மணம் எழும்பும். புது றப்பர்ச் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்தது போல இருக்கும். வெயிலில் சற்று நேரம் கிடந்து சூடேறிவிட்டால் அந்த மணம் மூக்கோடு நிற்காது, தொண்டைக்குள் இறங்கி நாக்கின் அடியில் ஒரு அசட்டு இனிப்பாக ஒட்டிக்கொள்ளும். கிளிநொச்சியில் நான் வேலைக்கு நிற்கிற இரும்புச் சாமான் கடையில், மாரி தொடங்குகிறபோதும் அறுவடை நெருங்குகிறபோதும், மழைக்கு மேலே கட்டவும் நெல்லுக்குக் கீழே விரிக்கவுமென்று, தறப்பாள்தான் அதிகம் போகிற சாமான். வாங்க வருகிறவர்கள் லேசில் வாங்கிக்கொண்டு போகமாட்டார்கள். கடை வாசலில் விரித்து, வெயிலுக்குத் தூக்கி ஓட்டை பார்த்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்து, "தங்கச்சி, இது ஒரு மாரிக்குத் தாங்குமோ, இல்லாட்டி மழையைக் கண்டவுடனை இதுக்கே தடிமன் வந்து மூக்கு ஒழுகுமோ?" என்று பகிடியும் விட்டுத்தான் மடிக்கச் சொல்லுவார்கள். அந்த நேரத்தில் நான் ஏதோ எடுக்கப் போவது போல உள்ளே போய், ஆணிப் பெட்டிகள் அடுக்கியிருக்கிற பக்கம் கொஞ்சம் நின்றுவிட்டு வருவேன். ஏன் என்று கடையில் ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மணம் இருக்கிறது. அதை ஆளுக்காள் கேட்டுக்கொள்கிறதில்லை.

எனக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் ஆட்களின் கதை பிடிக்கும். ஒரே சங்கதியை ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதில் பசிகூடத் தெரியாது. வாடிக்கைக்காரர் வராத மத்தியான நேரங்களில் கைபேசியை எடுத்து, நாங்கள் நாளும் பொழுதும் சொல்லுகிற சொற்கள் எங்கே பிறந்தன, முன்பு அவற்றுக்கு என்ன கருத்து இருந்தது என்று தேடிப் பார்ப்பது எப்படியோ பழக்கமாகிவிட்டது. இங்கிலீசை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. சாமான் பெட்டிகளில் இருந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் பிடித்துக்கொண்டதுதான். அப்படி ஒரு மத்தியானம் தறப்பாளைத் தேடினேன். அது தமிழ்ச் சொல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மீனாள், தெய்வானையாள் என்கிற மாதிரி முடிகிறதே, இங்கிலீசாக இருக்கும் என்று ஆர் நினைப்பார்கள்? ஆனால் அது இங்கிலீசாம், "தார்போலின்". ஏறக்குறைய நானூறு வருசத்துக்கு முந்திய சொல்லாம். "தார்", "போல்" என்று இரண்டு சொற்கள் ஒட்டி உண்டானதாம்.

தார் என்பது வேறொன்றுமில்லை, நாங்கள் "தார் றோட்டு" என்று சொல்லுகிற அதே தார்தான். அந்தக் காலத்தில் ஒருவகை மரத்தை மூட்டம் போட்டு எரித்து, அதில் வடிகிற கறுப்புப் பிசினை எடுத்து, பாய்த்துணியில் தடவுவார்களாம். அந்தத் துணியால் கப்பலில் சாமான்களை மூடுவார்கள். அதையே வெட்டிச் சட்டையும் தொப்பியுமாகக் கடலோடிகள் போட்டுக்கொள்வார்கள். கடைசியில் துணியின் பெயர் ஆளுக்கே வந்துவிட்டது. கடலில் வேலை செய்கிறவனைத் "தறப்பாள்" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். பிரபு வீட்டில் பிறந்து தலைவனாக வந்தவன் ஒரு சாதி. கயிறு இழுத்து, உப்புத் தண்ணி குடித்து, அடியிலிருந்து மேலே வந்தவன் "தறப்பாள் தலைவன்". இதை வாசித்தபோது தனியே சிரித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த முதல் தறப்பாள்காரர் உண்மையிலேயே கடலோடிதான். "போல்" என்ற மற்றப் பாதியின் கருத்து அதற்குக் கீழே இருந்தது. அதை வாசித்த பிறகு சிரிக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் தறப்பாள் எங்கள் வீட்டுக்கு வந்த மாரியை முதலில் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஸ்கந்தபுரம். அப்பாவின் தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்துத் தோட்டத்தை விட்டு வந்தவர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயல், அக்கராயன் குளத்துத் தண்ணி. அப்போது எங்களிடம் தறப்பாள் என்ற சொல்லே இல்லை. நெல் காயப்போடுவதற்கும் சூடு அடித்து நெல்லைப் பிரிக்கிறபோது கீழே விரிப்பதற்கும் இருந்த தடித்த துணிக்குப் "படங்கு" என்று பெயர். அந்தப் படங்கு என்னை விட வயது கூடினது. எலி கடித்த இடங்களும், வைக்கோலும் கல்லும் உராய்ந்து நூல்விட்ட இடங்களுமாக, பிடித்து வெயிலில் பார்த்தால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும்.

கடைசிச் சண்டை நெருங்கி வந்த வருசம், மாரி விதைப்பான காலபோகத்துக்கு நிலம் உழுது, முதல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஊரை விட்டு எழும்ப வேண்டி வந்தது. எறிகணைச் செல் விழுகிற சத்தம் குளத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட அன்று அப்பா உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் ஏற்றியது விதைநெல். மொட்டைக்கறுப்பன் இனம். கடையில் வாங்கினதல்ல, எங்கள் வயலிலேயே ஒவ்வொரு போகமும் நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி, காயவைத்துக் கட்டி வைத்தது. அதற்கு மேலே படங்கு, படங்குக்கு மேலே சட்டி பானை, அதற்கும் மேலே நானும் தம்பியும். அம்மா பின்னால் சைக்கிளில் கோழிக்கூட்டைக் கட்டிக்கொண்டு வந்தா. கிளிநொச்சியையும் கடந்து, தருமபுரத்தையும் கடந்து, விசுவமடுவில் ஆரோ ஒருவருடைய மாமரக் காணிக்குள் பெட்டியை நிப்பாட்டினோம். "ரெண்டு கிழமை. மிஞ்சினால் ஒரு மாசம்," என்றார் அப்பா. "பிந்தி விதைச்சாலும் மாரி முடிய முந்தி விதைச்சிடலாம்."

அந்தக் காணிக்குள் எங்களைப் போல வேறும் குடும்பங்கள் இருந்தன, முக்கால்வாசிப் பேரும் வயல் செய்கிற கமக்காரர். வந்து சில நாளில் நிவாரணமாகக் குடும்பத்துக்கு ஒன்றாகத் தறப்பாள் கொடுத்தார்கள். வெள்ளைத் தறப்பாள், நீல எழுத்து. அதைத்தான் முதலில் மூக்கால் அறிந்துகொண்டேன். தம்பி சுகந்தனுக்கு அப்போது மழலைக் கதை திருந்தி வருகிற வயது. நாங்கள் இரண்டு பேரும் மடித்திருந்த தறப்பாளின் உள்ளே பூந்து, அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்ததை நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு இடம்பெயர்வும் ஒரு விளையாட்டு இடம்தான், முதல் சில நாட்கள்.

பக்கத்தில் கொட்டில் போட்டவர்தான் நான் சொன்ன கடலோடி, அந்தோனி மாமா. நாச்சிக்குடாக் கரை ஆள். வள்ளத்தையும் வலையையும் மணலில் விட்டுவிட்டு, பெண்சாதி றீற்றா மாமியோடும் ஒரு மாதா சுரூபத்தோடும் வந்திருந்தார். தறப்பாள் கட்டுவதில் அவரை வெல்ல ஆளில்லை. மற்றவர்கள் முறுக்கி இழுத்துக் கட்டிக் காற்றடித்த உடனே கிழித்துக்கொள்ள, அவர் மூலைகளில் ஒரு பிடி தளர்வு விட்டுத்தான் முடிச்சுப் போடுவார். "அவாவுக்கும் மூச்சு விட இடம் வேணும்," என்பார். ஒருநாள் என்னைப் பார்த்து, "தறப்பாள் எண்டால் ஆரடி பிள்ளை? பேரைக் கேக்க எங்கட மாமியின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி மாதிரிக் கிடக்கு," என்றார். அடுப்பு மூட்டியிருந்த குசினி மூலையிலிருந்து றீற்றா மாமி விடவில்லை: "ஓம், ஓம். அவாவையே கட்டியிருக்கலாம். மழைக்காவது உதவியிருப்பா."

எங்கள் கொட்டிலுக்கு மேலே என்ன போடுவது என்ற கதை தறப்பாள் கிடைத்த அன்று பின்னேரமே வந்தது. அப்பா பனங்குத்திகளை நிலத்தில் கிடத்தி, அவற்றின் மேல் விதைநெல் மூட்டைகளை அடுக்கி, புதுத் தறப்பாளைக் கொண்டுபோய் அவற்றைச் சுற்றிப் பிள்ளையைப் பொத்துவது போல் பொத்திக் கட்டிவிட்டார். எங்களுக்குப் படங்கு.

"இஞ்சாருங்கோ," என்றா அம்மா. அப்பாவை அவா கூப்பிடுவது அப்படித்தான். "புதுசைப் பிள்ளையளுக்குப் போடுவம். படங்கு சல்லடையாக் கிடக்கு."

"மனுசர் நனைஞ்சால் துடைச்சுப்போட்டு இருக்கலாம். விதை ஒருக்கா நனைஞ்சால் மூட்டைக்குள்ளையே முளைச்சிடும். பிறகு ஊருக்குப் போய் எதை விதைக்கிறது? இந்தப் பிள்ளையளுக்குத்தானே விதைக்கிறது?"

இப்போது இதை எழுதுகிறபோது அப்பா கல்மனம் படைத்தவர் என்று வாசிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. அந்த மாமரக் காணியைச் சுற்றிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாக் கமக்காரரும் அதைத்தான் செய்திருந்தார்கள். புதுத் தறப்பாளின் கீழே விதை, ஓலைக்கும் சாக்குக்கும் கீழே பெண்சாதி பிள்ளைகள். காலையில் ஆளையாள் கண்டால் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்பதில்லை, "நெல்லு நனையேல்லையே?" என்றுதான் கேட்பார்கள். ஊருக்குத் திரும்புவோம் என்பதற்கு அவர்களிடம் இருந்த சாட்சி அந்த மூட்டைகள்தான். அதை நனையவிட்டால் திரும்பமாட்டோம் என்று ஒத்துக்கொண்டது போல. அந்தோனி மாமாவுக்கு மட்டும் இது விளங்கவில்லை.

"என்ன அண்ணை, நெல்லுக்கு வீடு கட்டிப்போட்டுப் பிள்ளையளை மழைக்குள்ளை விட்டிருக்கிறியள்?" என்று அப்பாவிடம் கேட்டார். "நாங்கள் வள்ளத்தையே விட்டிட்டு வந்தம். நீங்கள் மூட்டையை விடமாட்டியள்."

அப்பா சிரித்தார். "உங்களுக்குக் கடல் தானே விதைச்சு வைச்சிருக்கும் அந்தோனி. எங்களுக்கு ஆர் விதைக்கிறது?"

முதல் மழைகள் சும்மா மழைகள். படங்கு பழைய துணி என்றபடியால் மழையை முதலில் குடித்து, பிறகு சத்தமில்லாமல் கசியவிட்டது. நாங்கள் படுத்த இடத்தை விட்டு விட்டு நகர்ந்து, கடைசியில் நடுக்கம்பத்தைச் சுற்றி நாலு பேரும் குந்திக்கொண்டிருப்போம். அம்மா சட்டிகளை ஒழுக்குக்கு ஒன்றாக வைப்பா. தம்பி அந்தச் சட்டிகளில் கையை வைத்து அளைவான். பிறகுதான் அந்தப் பெரிய மழை வந்தது. வன்னியில் அந்த வருசம் இருந்த எவரைக் கேட்டாலும் அந்த மழையைச் சொல்லுவார்கள். குளங்கள் உடைத்துக்கொண்டன, றோட்டுகள் வாய்க்காலாகின, வாய்க்கால்கள் எங்கே இருந்தன என்று தெரியவில்லை.

தம்பிக்குத் தடிமன், பிறகு இருமல், பிறகு காய்ச்சல். மாரியில் எந்தப் பிள்ளைக்குத்தான் வராது என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு காலை என் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. விதைநெல்லில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கமக்காரர் ஒரு வேலை செய்வார்கள். கையை முழங்கை வரைக்கும் மூட்டைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருப்பார்கள். ஈரம் பட்ட நெல் உள்ளே சூடேறும். அந்தச் சூட்டைக் கை சொல்லும். மழை கொஞ்சம் தணிந்திருந்த அன்று காலை அப்பா தறப்பாளின் ஓரத்தைத் தூக்கி அப்படிக் கையை விட்டுக்கொண்டு நின்றார். ஆறு ஏழு அடி தள்ளி, கொட்டில் வாசலில், அம்மா தம்பியின் சட்டைக்குள்ளால் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இருந்தா. இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"சூடில்லை," என்றார் அப்பா. குரலில் அவ்வளவு சந்தோசம். "குளிர்ந்துபோய்க் கிடக்கு."

"இஞ்சை கொதிக்குது," என்றா அம்மா.

அப்பா கையை இழுத்தெடுத்தார். வந்து தம்பியைத் தொட்டார். தொட்ட கையோடு திரும்பிப் போய்த் தறப்பாளின் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். அந்தோனி மாமா கேட்காமலே ஓடி வந்து, இரண்டு பேருமாக அதைக் கொட்டிலுக்கு மேலே எறிந்து கட்டினார்கள். கட்டி முடியவும் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவென்று அப்பா தோளில் தூக்கிக்கொண்டு, அந்தோனி மாமா முன்னால் தடியால் ஆழம் பார்த்துக்கொண்டு போனார்கள். பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. இடுப்பு மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

புதுத் தறப்பாள் படங்கு மாதிரி அமைதியான சாமான் அல்ல. ஒவ்வொரு துளியும் அதில் விரலால் தட்டுவது போல விழும். தம்பி அந்தச் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகத் தலைக்கு மேலே கேட்டான். அம்மாவின் மடியில் கிடந்தபடி, "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டான். "ஒருத்தருமில்லை அப்பு, மழை," என்றா அம்மா. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டான். அம்மா மறுபடி சொன்னா. கொட்டிலுக்குள் ஒரு துளி ஒழுக்கில்லை. அவ்வளவு காய்ந்த இடத்தில் நாங்கள் கிழமைக்கணக்காய் இருக்கவில்லை. விடிந்தபோது தம்பி இல்லை.

சின்னப் பிள்ளைகளை எங்களில் எரிக்கிறதில்லை, குழி வெட்டித் தாட்டுவிடுகிறதுதான். பெட்டிக்குப் பலகை இல்லை. அம்மாவின் கூறைச்சேலையில் பாதியைக் கிழித்துச் சுற்றினார்கள். மழை விடவில்லை, குடை ஒன்றும் இல்லை. அந்தோனி மாமாதான் கொட்டிலுக்கு மேலே கிடந்த தறப்பாளை அவிழ்த்தெடுத்தார். பலகைக்குப் பதிலாகக் கட்டின தடிப் படுக்கையை இரண்டு பேர் தூக்க, அப்பாவும் அந்தோனி மாமாவும் அயல் கொட்டில்காரர் இரண்டு பேருமாக நாலு மூலையைப் பிடித்துத் தறப்பாளைப் பந்தல் போல உயர்த்திக்கொண்டு நடந்தார்கள். காணியைத் தாண்டி வெளிக்கு வந்ததும் காற்று அதை அமத்தியது; உயர்த்திப் பார்த்தார்கள், முடியவில்லை. அது தம்பியின் மேலேயே படிந்துவிட்டது. நாலு பேரும் மூலைகளை விடாமல் பிடித்தபடி அப்படியே நடந்தார்கள். நான் காணி வேலியோடு நின்று பார்த்தேன்; வெள்ளைத் துணி ஒன்று, நாலு பக்கமும் நாலு ஆள், நடுவில் அது கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாகப் புடைத்திருந்தது.

புறப்படுகிறபோது அம்மா அழவில்லை. அப்பா தன் மூலையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த நேரத்தில், அவரை நேரே பார்த்து, "இப்ப மட்டும் நனையாமல் கொண்டு போறியள்," என்றா. அப்பாவோடு அம்மா நேரே கதைத்த கடைசிக் கதை அதுதான்.

திரும்பி வந்து தறப்பாளை மறுபடி கொட்டிலுக்கு மேலே போட்டார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அது தேவையாக இருந்தது. நான் உள்ளே போனேன். அம்மா போகவில்லை. மாமரத்தின் கீழே, மழைக்குள்ளேயே இருந்தா. றீற்றா மாமி வந்து கையைப் பிடித்து இழுத்தும் எழும்பவில்லை. மூடாமல் கிடந்த விதைநெல்லை ஒருவரும் பார்க்கவில்லை. சில நாட்களில் சாக்குத் துவாரங்களுக்குள்ளால் பச்சை முளைகள் வெளியே வந்தன. மூட்டைகள் நாலு பக்கமும் மயிர் முளைத்த ஏதோ பிராணிகள் மாதிரி அந்தப் பனங்குத்திகளின் மேல் இருந்தன. அப்பா அவற்றின் முன்னால் போய் நிற்பார். கையை உள்ளே விடமாட்டார்.

இனி மற்றப் பாதிக்கு வருகிறேன். "போல்" என்பது மிகப் பழைய சொல்லாம். உரோமாபுரிக்காரர் மேலே போர்த்த ஒரு போர்வையின் பெயரிலிருந்து வந்ததாம். முதலில் அது விலை உயர்ந்த துணி. அரசர்கள் போர்த்தது, கோயிலில் பீடத்தின் மேல் விரித்தது. பிறகு கருத்து மெல்ல மெல்ல நகர்ந்து, செத்தவரின் பெட்டிக்கு மேலே மூடுகிற துணிக்கு வந்து நின்றுவிட்டதாம். அந்தத் துணியின் மூலைகளைப் பிடித்துக்கொண்டு கூட நடக்கிற ஆட்களுக்கு இங்கிலீசில் ஒரு தனிப் பெயரே இருக்கிறது. கடை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இதை வாசித்தேன். அன்று நாங்கள் வேறு வழியில்லாமல், மழையும் காற்றும் செய்வித்ததைச் செய்தோம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். வேறு நாட்டில், வேறு காலத்தில், அது ஒரு முறையாக இருந்திருக்கிறது. அரசனுக்கும் பிரபுவுக்கும் செய்த முறை. எங்கள் சின்னவனுக்கும் அது குறைவில்லாமல் நடந்தது என்று நினைத்தால் ஆறுதலாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்தேன். ஆறுதல் வரவில்லை. ஒரு சொல் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலென்ன, அது வந்து சேர்ந்த இடத்தில்தான் நாங்கள் நிற்கிறோம். அப்போது ஒருவர் வந்து, "பதினெட்டு அடியிலை தறப்பாள் இருக்கோ?" என்று கேட்டார். "ஓம், இருக்குது," என்று எழும்பினேன்.

அந்தத் தறப்பாள் அதற்குப் பிறகும் எங்களோடு இருந்தது. சண்டை துரத்தக் கிழக்கே கிழக்கே போகப் போக ஒவ்வொரு இடத்திலும் அதை அவிழ்த்து ஒவ்வொரு இடத்திலும் கட்டினோம்; பாதியை வெட்டி, பதுங்க வெட்டின பங்கருக்கு மேலே போட்டோம்; மிச்சப் பாதி கடைசியில் எந்த மணலில் போனது என்று தெரியாது. அந்தோனி மாமாவையும் றீற்றா மாமியையும் அந்தக் கடைசிச் சன நெரிசலில் தவறவிட்டுவிட்டோம். அவர்களைக் கண்டதாகச் சொன்ன ஒருவரையும் இன்றைக்கு வரை நான் சந்திக்கவில்லை.

இப்போது வன்னியில் தறப்பாள் கொட்டில்கள் இல்லை. கல்வீடுகள் வந்துவிட்டன, எங்களுக்கும் ஒன்று. விசுவமடுவில் அந்த மாமரக் காணியைத் தேடி ஒருமுறை போனேன். மாமரங்களைத் தறித்துவிட்டார்கள், தம்பியைத் தாட்ட வெளி எந்தப் பக்கம் என்று மட்டுக்கட்ட முடியவில்லை. வயல் திரும்பக் கிடைத்து அப்பா திரும்ப விதைக்கிறார், ஆனால் வீட்டில் விதைநெல் வைப்பதில்லை. ஒவ்வொரு போகமும் வெளியில் வாங்கி, வாங்கின அன்றே கொண்டுபோய் விதைத்துவிடுவார். மொட்டைக்கறுப்பன் என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "இஞ்சாருங்கோ" என்ற சொல்லும் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா சமைப்பா, அப்பா உடுக்கிற சாரத்தைத் தோய்ப்பா, காய்ச்சலென்றால் கஞ்சி வைப்பா. அவருக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் எனக்குச் சொல்லுவா. "கொப்பரைச் சாப்பிட வரச் சொல்லு." கொப்பர் என்றால் எங்கள் பக்கத்தில் உன் அப்பா. குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவே நின்று அந்தச் சொற்களைத் தூக்கித் தூக்கித்தான் நான் வளர்ந்தேன். வேலை கிடைத்துக் கிளிநொச்சிக்கு வருகிறபோது, இனி நான் இல்லாமல் இரண்டு பேரும் என்ன செய்வார்கள் என்று பயந்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஆளுக்கொரு போன் வாங்கிக்கொண்டார்கள்.

போன மாசியில் ஒருநாள் பின்னேரம் அம்மா போன் எடுத்தா.

"பிள்ளை, மேற்கால இருட்டிக்கொண்டு வருது. நெல்லு முழுக்க றோட்டில காயப் பரவிக் கிடக்கு. கொப்பரைக் கூட்டி அள்ளச் சொல்லு."

"அப்பா எங்கை நிக்கிறார்?"

"உங்கைதான். எனக்கு முன்னால, றோட்டுக்கு அங்காலை நிக்கிறார்."

அப்பாவுக்கு எடுத்தேன். அவர் போனை எடுத்த உடனேயே மழை கேட்டது.

"அப்பா, மழை வருதாம். நெல்லைக் கூட்டி அள்ளட்டாம்."

"அது வந்திட்டுது பிள்ளை. நெல்லுக் கிடக்கட்டும். நீ கொம்மாவை உள்ளுக்குப் போகச் சொல்லு. வெளியில நிண்டு நனையிறா."

"நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன் அப்பா. பக்கத்திலைதானே நிக்கிறியள்."



"நீ சொல்லு பிள்ளை," என்றார். "என்ர சொல்லுக்குப் போகமாட்டா."

அம்மாவின் இலக்கத்தை அழுத்தினேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினேன். இந்த முறை மணியும் அடிக்கவில்லை. போன் நின்றுவிட்டது, நனைந்திருக்கும்.